ஸ்டவ் மீது போட்ட பழி

'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி.' நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரியோடு முடிந்துவிடும் செய்தி. 1990களில் பெங்களூரில் அந்த நான்கு வரிகளை நம்ப மறுத்தது ஒரு பெண்கள் அமைப்பு. 1979இல் தொடங்கப்பட்ட 'விமோசனா'தான் அது. விக்டோரியா மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கு அதன் ஊழியர்கள் போனார்கள். காவல்துறைப் பதிவேடுகளையும் புரட்டினார்கள்.

கிடைத்தது அதிர்ச்சி. 1997இல் மட்டும் நகரில் இயற்கைக்கு மாறான முறையில் இறந்த பெண்கள் 1,133 பேர். போலீஸ் கணக்குப்படி இதில் கொலை 157, தற்கொலை 546, விபத்து 430. அந்த ஆண்டின் முதல் ஒன்பது மாதங்களில் பதிவான 550 வழக்குகளை விமோசனா அலசியது. 71 சதவிகிதம், 'சமையலறை விபத்து', 'ஸ்டவ் வெடிப்பு' என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174ஆவது பிரிவின்கீழ் விசாரித்து மூடப்பட்டிருந்தன.

எந்தக் கட்டத்தில் எழுதுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விபத்து என்று எழுதிவிட்டால் குற்றவாளி இல்லை, வழக்கும் இல்லை. திருமணமான ஏழு ஆண்டுக்குள் நடந்த வரதட்சணைச் சாவு என்றால் குறைந்தது ஏழு ஆண்டு சிறை. 1986இல் வந்த 304-பி பிரிவு சொன்னது இது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 80ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. ஆனால் வெந்த உடம்போடு கிடக்கும் பெண்ணின் வாக்குமூலம்? கட்டிலைச் சுற்றிக் கணவர் வீட்டார். குழந்தைகளும் அவர்கள் பொறுப்பில். 'கை தவறிப் பற்றிக்கொண்டது' என்றுதானே அவள் சொல்வாள்?

பெண் என்பதற்காகவே நடக்கும் கொலைக்குத் தனிப்பெயர் வேண்டும் என்று 1976இல் பிரஸ்ஸல்ஸில் வாதாடினார் டயானா ரஸ்ஸல். மெக்சிகோவில் மரியா சல்கேரோ என்ற பெண் 2016 முதல் அத்தகைய கொலைகளை வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறித்து வந்தார். அரசுக் கணக்கில் நம்பிக்கை போனால் பெண்களே எண்ண வேண்டியிருக்கிறது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் வரதட்சணைச் சாவுகள் 6,450. அதாவது நாளொன்றுக்குப் பதினேழுக்கும் மேல். 2021இல் தற்கொலை செய்துகொண்டதாகப் பதிவான இல்லத்தரசிகள் 23,178 பேர். இவர்களில் எத்தனை பேர் துரத்தப்பட்டுச் செத்தார்கள் என்பதற்கு அந்தப் பட்டியலில் கட்டம் இல்லை. நகரத்து வீடுகளில் மண்ணெண்ணெய் ஸ்டவ் அநேகமாக மறைந்துவிட்டது. அதன்மேல் இனியும் பழி போட முடியாது.