உதவித்தொகை நின்றால் ஆய்வும் நிற்கும்

புற்றுநோய்க் கட்டிக்குள் நுழையும் டி-செல் ஏன் சோர்ந்துபோகிறது? நோயெதிர்ப்புத் துறையில் இளம் ஆய்வாளர்கள் பலர் இன்று துரத்தும் கேள்வி இது. கட்டி சுற்றியுள்ள குளுக்கோஸை வாரி விழுங்கிவிட்டு லாக்டிக் அமிலத்தைக் கக்குகிறது. சண்டையிட வந்த செல்லுக்குச் சக்தி இல்லை. அதன் வளர்சிதை மாற்றத்தைத் திருத்தித் தாக்குப்பிடிக்க வைக்க முடியுமா என்று பார்க்கிறார்கள்.

நோயாளியின் டி-செல்லை எடுத்து, மரபணு மாற்றி, பெருக்கித் திரும்பச் செலுத்துவது கார்-டி சிகிச்சை. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19, சில வகை ரத்தப் புற்றுநோய்களுக்காக 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. வெளிநாட்டில் மூன்று, நான்கு கோடி ஆவது, அறிமுகமானபோது இங்கே சுமார் 42 லட்சமாக இருந்தது. சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவருக்கு 42 லட்சமும் நான்கு கோடியும் ஒன்றுதான்.

விலையோடு எங்கள் கேள்வி நிற்கவில்லை. அந்த ஆய்வகங்களுக்குள் போவது யார்? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் நாங்கள் வேலை செய்யும் பகுதிகளில் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பலர் வீட்டின் முதல் பட்டதாரி. பிஎச்.டி. சேரச் சொன்னால், "மாசாமாசம் பணம் வந்துடுமாக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். நியாயம்தானே? செல் வளர்ப்பு ஞாயிற்றுக்கிழமையும் போய்ப் பார்க்க வேண்டிய வேலை. டியூஷன் எடுத்துக்கொண்டே செய்ய முடியாது.

தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடி முழுநேர ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ஊக்கத்தொகை தருகிறது. மாதத்துக்கு எட்டாயிரத்துச் சொச்சம். ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையோ நாடு முழுவதற்கும் 125 இடம்தான். 2025இல் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் கொடுத்தார்கள். மற்ற 66 பேருக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். இடம் கொடுத்த பல்கலைக்கழகம் அதுவரை காத்திருக்குமா?

பாபாசாகேப் 1913இல் கொலம்பியா போனது பரோடா மன்னரின் உதவித்தொகையில். 1917இல் அது முடிந்ததால் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார், 1920இல்தான் மறுபடி போக முடிந்தது. பொருளாதார ஆய்வை மூன்று வருடம் கழித்துத் தொடரலாம். தட்டில் வளரும் செல் மூன்று நாள்கூடக் காத்திருக்காது.

தேர்வான எல்லோருக்கும் வகுப்பு தொடங்கும் முன்பே கடிதம் வேண்டும். மாத உதவித்தொகை, சம்பளம் போலக் குறித்த தேதியில் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். உயிரியல் ஆய்வு மையங்கள் ஒவ்வோர் ஆண்டும் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேரைச் சேர்த்தோம், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள் என்று எண்ணிக்கையை வெளியிட வேண்டும்.