பூட்டுக் கோப்பில் கைவைக்காதீர்கள்

ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை நிறுவும் என்பிஎம் இன்ஸ்டால் பிழை காட்டினால் நோட் மாடியூல்ஸ் கோப்புறையையும் பேக்கேஜ் லாக் என்ற பூட்டுக் கோப்பையும் அழி, கேஷைத் துடை, ஃபோர்ஸ் சேர்த்து மறுபடி ஓட்டு, பிழைச் செய்தியைப் படிப்பது வீண்வேலை என்று புதியவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். இது பொறுப்பற்ற அறிவுரை.

நோட் மாடியூல்ஸ் போனால் திரும்ப வந்துவிடும். பூட்டுக் கோப்பு அப்படியல்ல. ஒவ்வொரு தொகுப்பின் துல்லியமான பதிப்பும் அதில்தான் பதிவாகிறது. 2022 ஜனவரியில் கலர்ஸ் தொகுப்பை எழுதியவரே அதில் முடிவில்லாச் சுழலை வேண்டுமென்றே புகுத்தி வெளியிட்டார். பழைய பதிப்பைப் பூட்டி வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். அன்று பூட்டை அழித்தவர் கெட்ட பதிப்பைத் தானே வரவழைத்திருப்பார்.

பாவில் இழை அறுந்தால் காஞ்சிபுரம் நெசவாளர் அறுந்த இடத்தைத் தேடிப் பிணைப்பார்; பாவையே வெட்டி எறியமாட்டார். இங்கே அந்த இடத்தைப் பிழைக் குறியீடே காட்டுகிறது. ஈரிசால்வ் என்றால் இரு தொகுப்புகள் ஒரே நூலகத்தின் ஒவ்வாத பதிப்புகளைக் கேட்கின்றன. 2020இல் வந்த என்பிஎம் 7 முதல் இந்தப் பதிப்புப் பொருத்தச் சோதனை கண்டிப்பானது. ஃபோர்ஸ் அந்த முரணைத் தீர்ப்பதில்லை, மறைக்கிறது. பிழைச் செய்தியில் நோட் ஜிப் பெயர் தெரிந்தால் பைத்தானும் சி பிளஸ் பிளஸ் கம்பைலரும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

தென்னேரி போன்ற சிற்றூரில் கைபேசி டேட்டாவை நம்பிப் படிக்கும் மாணவருக்கு அந்த அறிவுரையில் கூடுதல் அநியாயம் உண்டு: கேஷையும் துடைத்தால் அத்தனையும் மறுபடி இறங்க வேண்டும்.

ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தால் கிட் களஞ்சியத்திலிருந்து பூட்டுக் கோப்பை மீட்டு, என்பிஎம் சிஐ ஓட்டுங்கள். அதில் பதிவானதையே அது நிறுவும். பேக்கேஜ் ஜேசனோடு பொருந்தாவிட்டால் நிறுவ மறுக்கும்.