சாவியைத் தூக்கிப் போடாதீங்க பாஸ்!

சீட்ல உட்கார்ந்து ஸ்டைலா ஒரு பட்டனை அழுத்தினா, 'விர்ர்ரூம்'னு இன்ஜின் உறுமணும். சாவி பாக்கெட்டை விட்டு வெளியவே வரக் கூடாது. பக்கத்து சீட் ஃப்ரெண்ட், 'மச்சி, இது என்னடா புது மாடலா?'ன்னு வாயைப் பிளக்கணும். கார் என்னவோ மாமா கைமாத்தி விட்ட பழைய மாருதி 800-தான்!

கார் வெச்சிருக்கிற கோஷ்டியில் பாதிப் பேருக்கு இந்த ஆசை உண்டு. இ.இ.இ., இ.சி.இ. படிக்கிற பசங்களுக்கோ, 'ஒரு ரிலே, ஒரு ஆர்டுயினோ, ஒரு ஆர்.எஃப்.ஐ.டி. கார்டு... சண்டே சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்'னு கை அரிக்கும். முடிச்சிடலாம்தான். ஆனா, முடிச்ச அந்த வண்டியில அம்மா, அப்பாவை உட்கார வெச்சு ஓட்டலாமா? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போறோம்.

தாத்தா காலத்து டெக்னாலஜி!

முதல்ல ஒரு ஜில் தகவல். பட்டன் ஸ்டார்ட் புதுசே கிடையாது. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கின எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர், 1912 மாடல் காடிலாக் கார்ல வந்தது. அதுக்கு முன்னாடி கம்பியை மாட்டிக் கையால சுத்தணும். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைச்சா கை எலும்பு காலி! அதுக்கப்புறம் பல வருஷம், சாவியால கரன்ட்டை ஆன் பண்ணிட்டு, தனியா ஒரு பட்டனையோ தரையில இருக்கிற பெடலையோ அழுத்தித்தான் வண்டியைக் கிளப்பினாங்க. சாவியைத் திருப்பினாலே ஸ்டார்ட் ஆகிற வசதியை கிரைஸ்லர் கம்பெனி கொண்டு வந்தது 1949-ல்தான். அதாவது, நாம 'லேட்டஸ்ட்'னு நினைக்கிறது பழைய படத்தோட ரீமேக்!

சாவி என்னென்ன வேலை பாக்குது?

சாவித் துவாரத்துக்குப் பின்னாடி ஒரு சுவிட்ச் ஒளிஞ்சிருக்கு. லாக், ஏ.சி.சி., ஆன், ஸ்டார்ட்னு நாலு நிலை. ஏ.சி.சி.க்குத் திருப்பினா பாட்டு கேட்கலாம். ஆன்ல இன்ஜினுக்கும் மீட்டருக்கும் வைப்பருக்கும் கரன்ட் போகும். ஸ்டார்ட்ல ஸ்டார்ட்டர் மோட்டாரோட சாலினாய்டு இழுக்கும், மோட்டார் சுத்தும். கையை விட்டதும் ஸ்பிரிங் அதைத் திரும்ப ஆனுக்குக் கொண்டு வந்துடும்.

இதுதவிர சைலன்ட்டா மூணு வேலை நடக்குது. ஒண்ணு, சாவியை உருவினா ஸ்டீயரிங்கை ஓர் இரும்புத் துண்டு பூட்டிடும். ரெண்டு, கொஞ்சம் புது வண்டிகளில் சாவித் தலைக்குள்ள ஒரு குட்டி சிப் இருக்கும். அதை அடையாளம் தெரியலைன்னா இன்ஜின் ஓடாது. இதுதான் இம்மொபிலைசர். மூணாவது ரொம்ப சிம்பிள். சாவி உங்க கையில இருந்தா, வண்டி ஆஃப்ல இருக்குன்னு அர்த்தம்.

'கீலெஸ்' பண்றேன்னு கிளம்புறவங்க முதல் நாலு நிலையை ரிலேவால செஞ்சிடுறாங்க. இந்த மூணு வேலையை மறந்துடுறாங்க!

வீட்ல செஞ்சா என்ன ஆகும்?

ஸ்டீயரிங் லாக்கையே எடுத்துக்கோங்க. சாவியே வேணாம்னா, ஒண்ணு சாவியை உள்ளேயே விட்டுட்டு மூடி மறைக்கணும். இல்லைன்னா லாக்கையே கழட்டணும். ரெண்டுமே திருடனுக்கு வெத்தலைப் பாக்கு வெச்சு அழைப்பு! இம்மொபிலைசரை ஏமாத்த, டூப்ளிகேட் சாவியோட சிப்பை டாஷ்போர்டுக்குள்ள ஒளிச்சு வைக்கிற ஐடியாவும் அதே ரகம்தான். பூட்டைப் போட்டுட்டு சாவியை அதுலயே தொங்கவிட்ட கதை.

'கார்டு காட்டினாத்தானே ஸ்டார்ட் ஆகும்?'னு கேப்பீங்க. சீப்பா கிடைக்கிற 125 கிலோஹெர்ட்ஸ் ஈ.எம்.4100 கார்டுல ரகசியம்னு எதுவுமே இல்லை. ரீடரைப் பார்த்ததும் தன் நம்பரை அப்படியே ஒப்பிச்சிடும். அந்த நம்பரைக் காலி கார்டுல எழுதுற மெஷினும் அதே கடையில கிடைக்குது! பெரிய கம்பெனிகளே இந்த விஷயத்துல தடுமாறியிருக்காங்க. 2011-ல் ஜூரிக் ஈ.டி.ஹெச். ஆய்வாளர்கள் 8 கம்பெனிகளோட 10 மாடல் கார்களை டெஸ்ட் பண்ணாங்க. ஓனர்கிட்ட இருக்கிற சாவியோட சிக்னலைத் தூரத்துல இருந்தே 'ரிலே' பண்ணி, பத்தையும் திறந்து ஸ்டார்ட் பண்ணிக் காட்டினாங்க.

திருட்டாவது பணத்தோட போகும். அடுத்தது உயிர் மேட்டர்.

ஸ்டார்ட்டர் சுத்தும்போது 100 ஆம்பியருக்கும் மேல இழுக்கும். 12.6 வோல்ட் காட்டின பேட்டரி, அந்த நொடியில 9, 10-க்கு இறங்கிடும். பேட்டரி வீக்கா இருந்தா இன்னும் கீழே போகும். அப்போ உங்க ஆர்டுயினோ ரீசெட் ஆகலாம். ரீசெட் ஆனா, அது பிடிச்சிருக்கிற எல்லா ரிலேவும் விட்டுடும். வீட்டு வாசல்ல நடந்தா சிரிச்சிட்டுப் போயிடலாம். லூஸ் கனெக்‌ஷனாலயோ சூட்டாலயோ அதே ரீசெட் ஜி.எஸ்.டி. ரோட்டுல 80 கிலோமீட்டர் வேகத்துல நடந்தா? இன்ஜின் ஆஃப். பவர் ஸ்டீயரிங் இருந்தா கல்லாயிடும். பிரேக் பூஸ்டர்ல மிச்சம் இருக்கிற வேக்குவம் ஓரிரு தடவைக்குத்தான் தாங்கும். அதுக்கப்புறம் பெடல்மேல ஏறி நின்னு மிதிக்கணும்.

பயமுறுத்துறேன்னு நினைக்காதீங்க. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் சாவி சுவிட்ச் லூஸா இருந்து, ஓடும்போதே 'ஆன்'ல இருந்து 'ஏ.சி.சி.'க்கு நழுவினது. இன்ஜின் நின்னதோட ஏர்பேகும் விரியலை. 2014-ல் அந்தக் கார்களைத் திரும்பக் கூப்பிட்டாங்க. நஷ்டஈடு கணக்குப்படி 124 சாவுகள்! காரணம், ஒரு குட்டி ஸ்பிரிங்கோட பலம் பத்தலை.

அணைக்க முடியாம போனாலும் ஆபத்துதான். 2009 ஆகஸ்ட்ல கலிஃபோர்னியாவின் சான் டியாகோ பக்கத்துல ஒரு லெக்சஸ் கார்ல, தப்பான தரைவிரிப்பு மாட்டி ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கிச்சு. அது பட்டன் ஸ்டார்ட் வண்டி. ஓடும்போது அணைக்கணும்னா பட்டனை 3 செகண்ட் அழுத்திப் பிடிக்கணும். பதற்றத்துல யாருக்கு அது தோணும்? காரில் இருந்த 4 பேரும் இறந்துட்டாங்க. உங்க புரோகிராம்ல 'ஓடும்போது பட்டனை அழுத்தினா என்ன பண்றது?'ங்கிற ஒரு வரிக்கு இவ்வளவு கனம் இருக்கு.

சத்தமில்லாத இன்ஜினை அணைக்க மறந்துட்டு இறங்கிப் போறது இன்னொரு வில்லன். வீட்டோட ஒட்டின கராஜ்ல கார் ஓடிக்கிட்டே இருந்து, கார்பன் மோனாக்ஸைடு வீட்டுக்குள்ள புகுந்து, 2006-லேர்ந்து இருபதுக்கும் மேற்பட்டவங்க அமெரிக்காவுல இறந்ததா 2018-ல் 'நியூயார்க் டைம்ஸ்' எழுதினது. 'சாவி கையில இருந்தா வண்டி ஆஃப்'ங்கிற அந்த மூணாவது வேலையோட மதிப்பு இப்போ புரியுதா?

அப்போ பட்டன் ஆசை?

நிச்சயம் நிறைவேத்தலாம் பாஸ்! 1999-ல் வந்த ஹோண்டா எஸ்2000 ஸ்போர்ட்ஸ் காரைப் பாருங்க. சாவியைப் போட்டு ஆனுக்குத் திருப்பணும். அப்புறம் தனியா இருக்கிற சிவப்பு பட்டனை அழுத்தணும். அந்த ரூட்டையே நாமளும் பிடிப்போம். சாவி தன் வேலை எல்லாத்தையும் செய்யட்டும். 'ஸ்டார்ட்'ங்கிற கடைசித் திருப்பலுக்கு மட்டும் பட்டன்.

தேவை: 4 பின் உள்ள 40 ஆம்பியர் ரிலே, ஃபியூஸ், அழுத்தினா மட்டும் ஒட்டுற பட்டன், கிளட்ச் பெடல் சுவிட்ச். ரிச்சி ஸ்ட்ரீட், புதுப்பேட்டைன்னு ஒரு ரவுண்டு அடிச்சா எல்லாம் கிடைச்சிடும். ஆரம்பிக்கும் முன் பேட்டரியோட நெகட்டிவைக் கழட்டிடுங்க.

* ரிலேவோட 30-வது பின்னுக்குப் பேட்டரி பாசிட்டிவ். ஃபியூஸ் பேட்டரி பக்கத்துலயே இருக்கணும். ஒயர் உரசி ஷார்ட் ஆனா, தீ பிடிக்கிறதுக்கு முன்னாடி ஃபியூஸ் போகட்டும்.

* 87-வது பின்னிலிருந்து, சாவி சுவிட்ச்சின் ஸ்டார்ட் ஒயருக்கு. கம்பெனி ஒயரை வெட்ட வேண்டாம், இணைச்சாப் போதும். சாவி சுவிட்ச் பக்கத்துலயே இணைக்கணும். அப்போதான் வண்டியில் ஏற்கெனவே இருக்கிற கிளட்ச், நியூட்ரல் பாதுகாப்பெல்லாம் உயிரோட இருக்கும்.

* 86-க்கு, 'ஆன்' ஒயர்லேர்ந்து பட்டன், கிளட்ச் சுவிட்ச் ரெண்டையும் வரிசையாத் தாண்டி வர்ற கரன்ட். 85-க்கு எர்த். ரிலே காயில் ஆஃப் ஆகும்போது எகிறுற வோல்டேஜை அடக்க ஒரு டயோடு.

அவ்வளவுதான். சாவி ஆன்ல இருக்கணும், கிளட்ச் மிதிபட்டிருக்கணும், பட்டன் அழுந்தியிருக்கணும். மூணுல ஒண்ணு இல்லைன்னாலும் மோட்டார் சுத்தாது. பிரேக் சுவிட்ச் மட்டும் போதாதான்னு கேட்டா, போதாது. கியர்ல இருக்கிற வண்டியை ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு உந்து உந்திடும். முன்னாடி சுவரோ, தம்பியோ நின்னா..?

பட்டனுக்குக் கட்டாயம் மூடி போடுங்க. பல கார்களில் இன்ஜின் ஓடும்போது சாவியை மறுபடி ஸ்டார்ட்டுக்குத் திருப்ப முடியாத மாதிரி தடுப்பு வெச்சிருப்பாங்க. நம்ம பட்டனுக்கு அது கிடையாது. ஓடுற இன்ஜின்ல அழுத்தினா ஸ்டார்ட்டர் பல்லும் ஃப்ளைவீல் பல்லும் 'கர்ர்ர்'னு கடிச்சுக்கும்!

இதுல புரோகிராமும் இல்ல, ரீசெட்டும் இல்ல. பட்டன் கெட்டுப்போனா பழையபடி சாவியைத் திருப்பிக் கிளம்பிடலாம். ஆனாலும் வாரண்டியில இருக்கிற வண்டியில கை வைக்காதீங்க. எந்த வண்டியா இருந்தாலும் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. கடைசி கனெக்‌ஷனை அனுபவமுள்ள ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருத்தர் செக் பண்ணணும். ஸ்கீமேட்டிக் நாம போடலாம். ஒயர் எங்கே உரசும், எங்கே தண்ணி இறங்கும்னு அவருக்குத்தான் தெரியும்.

முழு கீலெஸ்ஸையும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா பண்ணியே ஆகணும்னு துடிக்கிறவங்க, ரோட்டுல ஓடுற வண்டியை விட்டுடுங்க. ஒரு பழைய ஸ்டார்ட்டரையும் பேட்டரியையும் லேப் டேபிள்மேல வெச்சு ஆடுங்க. சர்க்யூட் வரையறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல நாலு கேள்வி எழுதுங்க. கன்ட்ரோலர் செத்தா என்ன ஆகும்? பேட்டரி படுத்தா? கார்டு தொலைஞ்சா? ஓடும்போது குழந்தை பட்டனை அமுக்கினா? நாலுக்கும் பதில் எழுதிட்டீங்கன்னா, வைவாவுல எக்ஸ்டர்னல் என்ன கேட்டாலும் சமாளிச்சிடலாம். கலக்குங்க மக்கா!