கால் நகப் பூஞ்சைக்கு ஒளிச் சிகிச்சை பலன் தருமா?



கொச்சித் துறைமுகத்திற்காகக் காயலை ஆழப்படுத்தி எடுத்த மண்ணினால், பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் உருவாக்கப்பட்டது வில்லிங்டன் தீவு. நாற்புறமும் நீர், ஜூன் பிறந்துவிட்டால் வானத்திலிருந்தும் நீர். இத்தகைய இடத்தில் நாள் முழுவதும் ஈரமான பூட்ஸுக்குள் கால்களை வைத்து உழைப்பவர்களை நகப் பூஞ்சை எளிதில் பற்றிக்கொள்கிறது.

பெருவிரல் நகம் மஞ்சளாகும், தடிக்கும், ஓரத்தில் பொடிந்து உதிரும். ஆரம்பத்தில் வலி இராததால் பலர் அசட்டை செய்கிறார்கள். வேறு சிலரோ, ஜெபக்கூட்ட வாசலில் செருப்பைக் கழற்றவும் கூசுகிறார்கள். ஆனால் சர்க்கரை நோயாளிகள் இதை அலட்சியம் செய்யலாகாது. தடித்த நகம் அருகிலுள்ள தோலைக் கீறினால், அந்தச் சிறு புண்ணே காலுக்கு ஆபத்தாகலாம்.

ஒளியினால் நோயைக் குணமாக்குவது புதிய எண்ணமல்ல. தோல் காசநோய்க்கு ஒளிச் சிகிச்சை அளித்த டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சென் 1903-இல் நோபல் பரிசு பெற்றார். நகப் பூஞ்சைக்கு இன்று இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, லேசர் கதிரால் நகத்தைச் சூடாக்குவது. மற்றொன்று, ஒளியை ஈர்க்கும் மருந்தைத் தடவி, அதன்மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சிப் பூஞ்சையை அழிப்பது.

இவை முழுச் சுகம் தருமா? அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010 முதல் சில லேசர் கருவிகளை அனுமதித்திருக்கிறது. ஆனால் அந்த அனுமதி, தெளிவான நகப்பகுதி தற்காலிகமாக அதிகரிப்பதற்கே. பூஞ்சை அடியோடு ஒழியும் என்பதற்கு அல்ல. பலமுறை செல்லவேண்டும், செலவும் மிகுதி. மாத்திரை உட்கொள்ள இயலாதவர்களுக்கு மருத்துவர் இதை யோசிக்கலாம்.

ஆகவே முதலாவது செய்யவேண்டியது பரிசோதனையே. கெட்டுப்போன நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சையால் கெட்டவை. சொரியாசிஸும், இறுக்கமான காலணியும்கூட நகத்தை இப்படி ஆக்கும். நகத்துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும்.

பூஞ்சைதான் என்று உறுதியானால், டெர்பினாஃபின் மாத்திரையே வழக்கமான முதல் மருந்து; கால் நகத்திற்கு 12 வாரம். கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொற்படியே உட்கொள்ளவேண்டும். கால் நகம் மாதம் ஒன்றரை மில்லிமீட்டர் வளர்வதே அதிகம். புதிய நகம் முழுவதும் வளர 12 முதல் 18 மாதங்கள் ஆகும். மாத்திரை முடிந்தும் நகம் மாறவில்லையே என்று சோர்ந்துபோகாதிருங்கள்.

வேலை முடிந்ததும் கால்களைக் கழுவி, விரலிடுக்குகளை நன்றாகத் துடையுங்கள். இரண்டு ஜோடி காலணிகள் இருந்தால் மாற்றி மாற்றி அணிந்து, மற்றதை உலரவிடுங்கள். நகவெட்டியை வீட்டில் பொதுவாக வைக்காதீர்கள். சேற்றுப்புண் இருந்தால் அதற்கும் சேர்த்து மருந்திடுங்கள். இல்லையேல் சுகமான நகத்தைப் பூஞ்சை மறுபடியும் பற்றும்.

விளம்பரத்தைக் கண்டு லேசருக்குப் பணம் கட்டுமுன், ஒரு தோல் மருத்துவரிடம் நகத்தைக் காண்பியுங்கள்.