எரிசாராய ஆலைக் கழிவுநீரும் கரும்புக் குடியானவரும்

கழிவுப்பாகு முதலியவற்றைப் புளிக்கவைத்து வடிக்கும் எரிசாராயம் இந்தியாவில் பெட்ரோலோடு கலக்கப்படுகின்றது. அக்கலப்பு 2025-ஆம் வருஷத்தில் நூற்றுக்கு 20 பங்கை எட்டியதைப் பலரும் சிலாகிக்கின்றனர். பாகினின்று ஒரு லிட்டர் சாராயம் வடிந்தால் 8 முதல் 15 லிட்டர் வரை கருஞ்சிவப்பான புளிப்புநீர் பின்தங்குகின்றதென்பதைப் பேசுவோர் சிலரே. இந்நீர் ஓடையிற் கலந்தால் அங்குள்ள பிராணவாயு குன்றி மீன்கள் மடியும்.

காற்றுப்புகாத தொட்டிகளில் இதனை அடைத்தால், பாக்டீரியாக்கள் அதிலுள்ள கரிப்பொருள்களைச் சிதைத்து அமிலங்களாக்குகின்றன. பாக்டீரியாவைப் போன்று தோன்றினும் வேறினத்தனவாகிய நுண்ணுயிர்கள் அவற்றினின்று மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. உடன்வரும் கந்தக வாயுவை நீக்கிவிட்டால் ஆலைக் கொதிகலனுக்கு இது நல்ல எரிபொருளாகும்.

குடியானவர் கவனிக்கவேண்டுவது வேறொன்று. நுண்ணுயிர்கள் வாயுவாக்கி வெளியேற்றுவது பெரும்பாலும் கரியையே. கரும்பு நிலத்தினின்று உறிஞ்சிய சாம்பல் சத்து தொட்டியை விட்டு வெளிவரும் நீரில் அப்படியே நிற்கின்றது. தழைச்சத்திலும் பெரும்பகுதி தங்குகின்றது. வாயு எடுத்தபின் உரத்திற் சாரமில்லையென்று சாண எரிவாயுவைப்பற்றிச் சிலர் கூறும் பிழையான எண்ணம் இங்கும் வேண்டுவதில்லை. ஆயினும் அந்நீரில் நிறமும் உப்பும் மிகுதி. அதனை அளவின்றி வயலிற் பாய்ச்சினால் நிலமும் கிணறும் கெடும். பிரஸ்மட் என்னும் ஆலை அழுக்கின்மீது தெளித்து மக்கவைத்து இடுவதே உத்தமம்.

பல ஆலைகள் கழிவுநீரைச் சுண்டக்காய்ச்சி எரித்துவிடுகின்றன. அச்சாம்பலினின்று கிடைக்கும் பொட்டாஷ் உரத்தை மத்திய சர்க்கார் 2021-இல் மானியத் திட்டத்திற் சேர்த்தனர். சுற்றிலும் நிலமில்லாத ஆலைக்கு இம்முறை சௌகரியமே. ஆனால் கரியும் தழைச்சத்தும் புகைபோக்கி வழியே போய்விடுகின்றன. வயல்கள் சூழ்ந்த ஆலைகள் இவ்வழியைப் பின்பற்றுதல் தகாது.

கரும்பிற்கு விலை கட்டும்போது எடையையும் சர்க்கரைக் கட்டுமானத்தையும் பார்க்கின்றனரேயன்றி, அதனுடன் சென்ற சாம்பல் சத்திற்கு ஒருவரும் கணக்கு வைப்பதில்லை. இந்தியாவோ பொட்டாஷ் உரத்திற்குப் பெரும்பாலும் கப்பலையே நம்பியிருக்கின்றது. வயலின் சத்தை மூட்டையாக்கி, அதே வயலுக்குடையவரிடம் முழுவிலைக்கு விற்பது நியாயமன்று. கரும்பு அனுப்பியோருக்கு, அவரவர் அனுப்பிய டன்னிற்கேற்ப, மக்கிய உரத்தை வண்டிக்கூலி மாத்திரம் பெற்றுக்கொண்டு ஆலைகள் திருப்பித்தரல்வேண்டும்.