கற்பனைப் பந்தயமும் நம் இளைஞர்களும்



ஞாயிறு மாலை இளைஞர் கூட்டம் முடிந்த பின்னும் நாலைந்து பேர் பங்கு மண்டபத்து வாசலில் கைபேசியும் கையுமாக நிற்பதைச் சில மாதங்களாகவே கவனித்து வருகிறேன். கிரிக்கெட்டாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லையாம், ஃபார்முலா 1 கார் பந்தயமாம். "பாக்கிறது மட்டும் இல்ல ஃபாதர், நாங்களே டீம் வச்சிருக்கோம்" என்றான் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன்.

ஃபார்முலா 1 அமைப்பே நடத்தும் இந்த ஃபேன்டசி விளையாட்டில் சேரக் கட்டணம் கிடையாது. ஒவ்வொருவர் கையிலும் 10 கோடி டாலர் கற்பனைப் பணம். அதற்குள் ஐந்து வீரர்களையும் இரண்டு கார் நிறுவன அணிகளையும் வாங்க வேண்டும். நிஜப் பந்தயத்தில் அவர்கள் பெறும் இடமும், முந்திச் செல்லும் கார்களும் இவர்களுக்கு மதிப்பெண்களாகின்றன. முன்னணி வீரர்களின் விலை அதிகம் என்பதால் எல்லோரையும் வாங்க முடியாது. ஆகவே கடைசி வரிசையில் நிற்பவர்களையும் ஊன்றிக் கவனித்தாக வேண்டும். இது எனக்குப் பிடித்தது. 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில், டயர் பாதுகாப்புப் பிரச்சினையால் 14 கார்கள் விலகிக்கொள்ள, மீதி ஆறு கார்கள் மட்டுமே ஓடின. அன்று நான்காவதாக வந்தவர் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். அப்போது இந்த விளையாட்டு இருந்து, அவரை மலிவாக வாங்கியிருந்தால் எவ்வளவு லாபம் என்று தம்பிகள் கணக்குப் போட்டுச் சிரித்தார்கள். பொறுமையும் சிக்கனமும் இதிலும் வேண்டியிருக்கிறது. எனவே விளையாட்டையே குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிக்கல் பணம் நுழையும்போது வருகிறது. ஃபேன்டசி கிரிக்கெட்டில் நுழைவுக் கட்டணம் வாங்கிப் பரிசு தந்த நிறுவனங்கள், இது திறமை விளையாட்டு, சூதாட்டம் அல்ல என்று பல ஆண்டுகள் வாதாடின. நீதிமன்றங்களும் பெரும்பாலும் அதை ஏற்றன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் அந்த வேறுபாட்டையே தள்ளிவைத்தது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் இணைய விளையாட்டை நடத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்று சொன்னது. விளையாடுபவரை அது தண்டிக்கவில்லை. டிரீம்11 தன் பணப் போட்டிகளை நிறுத்தியது.

ஆனால் இலவச விளையாட்டிலேயே நண்பர்கள் தனிக் குழு அமைத்துக்கொள்ளலாம். நம் தம்பிகளின் குழுவில் பந்தயத்துக்குத் தலைக்கு 200 ரூபாய். முதலிடம் பெறுபவருக்கு மொத்தமும். பந்தயம் கட்டுவது தன்னிலேயே நீதிக்கு எதிரானதல்ல, ஒருவருடைய அல்லது அவரைச் சார்ந்தோருடைய அவசியத் தேவைக்கானதைப் பறிக்கும்போதுதான் அது தவறாகிறது என்பது நம் திருச்சபை மறைக்கல்வியின் (எண் 2413) நிலைப்பாடு. 200 ரூபாய் ஒருவனுக்குக் காபிச் செலவு. இன்னொருவனுக்கு அது அம்மா பேருந்துக்கென்று தந்த வாரப் பணம். இந்த இருவரும் ஒரே குழுவில் இருக்கிறார்கள். வெட்கத்தால் இரண்டாமவன் விலகவும் மாட்டான். நான் கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை.

என்னை இன்னும் அதிகமாக உறுத்தியது வேறொன்று. 2024 பருவ விதிப்படி, பந்தயத்தை முடிக்காத வீரருக்கு 20 மதிப்பெண் கழிக்கப்படும். எஞ்சின் பழுதானாலும் சரி, கார் தீப்பற்றினாலும் சரி, கணக்கு ஒன்றுதான். 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் ரொமைன் குரோஜானின் கார் முதல் சுற்றிலேயே தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்து எரிந்தது. அரை நிமிடத்துக்குள் அவர் தீயிலிருந்து தாமே ஏறி வெளியே வந்தார், கைகளில் தீக்காயத்தோடு. தலைக்கு மேலே வளைந்து காக்கும் 'ஹேலோ' கவசம் 2018இல் கட்டாயமாக்கப்பட்டிராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? 2014இல் ஜப்பானின் சுசுகாவில் மோதிய ஜூல்ஸ் பியாங்கி மறு ஆண்டு ஜூலையில் இறந்தார், வயது 25. எந்த மதிப்பெண் பட்டியலிலும் இவையெல்லாம் 'முடிக்கவில்லை' என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

வாங்கிய வீரர் சுவரில் மோதும்போது முதலில் மனதில் வருவது எது என்று அந்தத் தம்பியிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொய் சொல்லக் கூடாதுல்ல ஃபாதர். பாயிண்ட் போச்சேன்னுதான். அவர் இறங்கி நடந்து வர்றதைப் பாத்ததும் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

அடுத்த வாரம் குழுவில் 200 ரூபாயை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். தோற்றவர் எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தர வேண்டுமாம். எனக்கும் ஒன்று உண்டு என்றார்கள்.