பாஸ்போர்ட்டே இல்லை, விசாவுக்கு எங்கே போவது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவருக்கு சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை தகைந்தால் என்ன செய்வார்? 1,500 ரூபாய் கட்டி பாஸ்போர்ட்டுக்கு மனு போடுவார். போலீஸ் விசாரணை முடிந்து புத்தகம் கைக்கு வந்ததும் விசாவுக்கு அலைவார். கிடைத்தால் விமானம், கிடைக்காவிட்டால் பழையபடி நைட் ஷிப்ட்.

அதே ஊரில் இந்த அலைச்சலுக்குக்கூட கொடுத்துவைக்காத ஒரு கூட்டம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்கள்தான் அவர்கள். ஆண்கள் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள். பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், டிகிரியும் வாங்கிவிட்டார்கள். ஆனால் விசா ஒட்டுவதற்கு ஒரு புத்தகம் வேண்டுமே! அதை யார் கொடுப்பது?

இந்தியா கொடுக்காது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர் இந்தியர் என்கிறது சட்டம். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு தாய், தந்தையில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் அதையும் இறுக்கிவிட்டார்கள். ஆதார் அட்டையைக் காட்டினால், "இது குடியுரிமைக்கு அத்தாட்சி இல்லை" என்று பதில் வரும்.

மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண் விடாமல் கோர்ட்டுக்குப் போனார். அவருக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் மதுரை ஐகோர்ட்டு கிளை உத்தரவிட்டது. 2024 பாராளுமன்றத் தேர்தலில் அவர் திருச்சியில் ஓட்டும் போட்டார். சந்தோஷம்தான். ஆனால் 1987 ஜூலை 1 முதல் பிறந்த ஒருவருக்கும் அந்தத் தீர்ப்பு கைகொடுக்காது. முகாம் இளைஞர்கள் அத்தனை பேரும் அந்தக் கணக்கில் அடிபட்டுப் போகிறார்கள். ஒரு வருஷம் பிந்திப் பிறந்தது அவர்கள் குற்றமா?

சரி, இலங்கை பாஸ்போர்ட் வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம். சென்னையில் உள்ள இலங்கை துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். பிறகு இந்தியாவைவிட்டு வெளியேற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அப்படிப் போன பிள்ளை, அம்மாவைப் பார்க்க கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பி வர, இந்தியத் தூதரகத்தில் விசா கேட்டு நிற்க வேண்டும். பிறந்த ஊருக்கு விசா! இந்தக் கூத்து வேறு எங்கே நடக்கும்?

நேர் வழி அடைபட்டால் ஏஜெண்டு வந்து நிற்பான். 2021 அக்டோபரில் 89 இலங்கைத் தமிழர்கள் கனடா போகிறோம் என்று மீன்பிடிப் படகில் ஏறினார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் இருந்தவர்களும் அதில் உண்டு. நடுக்கடலில் படகு பழுதாகியது. பிரிட்டிஷ் கடற்படை அவர்களை டியாகோ கார்சியா தீவுக்குக் கொண்டுபோனது. அது பிரிட்டனும் அமெரிக்காவும் ராணுவத் தளம் வைத்திருக்கும் தீவு. எலி ஓடும் கூடாரங்களில் குழந்தைகளோடு 3 வருஷத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார்கள். 2024 டிசம்பரில்தான் அங்கே மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அவர்களை அடைத்து வைத்ததே சட்டவிரோதம் என்று அதே மாதம் கோர்ட்டும் சொன்னது.

நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, இப்படிப் படகு ஏறுகிறவர்களை "முட்டாள்கள்" என்று சொல்லிவிடுவது சுலபம். கையில் புத்தகம் இருக்கிறவர் யாராவது அந்தப் படகில் ஏறுவாரா?

மத்திய சர்க்கார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்றும் சொல்ல முடியாது. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டிக்க வேண்டியதில்லை என்று 2025 செப்டம்பரில் உத்தரவு போட்டது. நல்ல காரியம். தலைக்கு மேல் தொங்கிய கத்தி எடுக்கப்பட்டது. ஆனால் அது இருப்பதற்கு அனுமதி; போய்வருவதற்கு அல்ல. அண்டை நாடுகளின் அகதிகளுக்காக 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையின் பெயர் இல்லை.

பாதுகாப்பு என்ன ஆவது என்று டெல்லி அதிகாரிகள் கேட்கலாம். முகாமில் ஆள் கணக்கு எடுக்கிறார்கள். எந்த வீட்டில் எத்தனை பேர் என்று ரெவின்யூ அதிகாரிக்குத் தெரியும். கியூ பிரிவு போலீசுக்கும் தெரியும். இந்த நாட்டில் இவ்வளவு தூரம் சரிபார்க்கப்பட்ட ஜனங்கள் வேறு யார் இருக்கிறார்கள்?

வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை. திபெத்திய அகதிகளுக்கு இந்திய சர்க்காரே மஞ்சள் அட்டை போட்ட ஓர் அடையாளப் புத்தகம் கொடுக்கிறது. அதில் விசா வாங்கி அவர்கள் வெளிநாடு போகிறார்கள், திரும்பியும் வருகிறார்கள். குடியுரிமை விவகாரம் டெல்லியில் எப்போது முடியுமோ, அதுவரை அதே மாதிரி ஒரு புத்தகத்தை முகாம் தமிழர்களுக்கும் கொடுக்கட்டும். பாஸ்போர்ட் அதிகாரிகள் முகாம்களுக்கே வந்து மனு வாங்கட்டும். கும்மிடிப்பூண்டியிலிருந்து தொடங்கலாம். ரெயில் வசதி இருக்கிறது.